கைவிட்டவர் பட்டியல்

கொட்டச்சேடு
14.8.1986

என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நம் எஸ்டேட் லைன் வீடுகளை இடித்துவிட்டு ஓட்டல் கட்டப்போகிறார்கள். நேற்று நம் அறையின் ஓடுகளைப் பிரித்தார்கள்.

கல்யாணமான பிறகு வந்த முதல் மழையில் அந்த அறையில் நனையாத இடம் ஒரே ஒரு மூலைதான். பகல் முழுக்க இருவரும் அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நமக்குன்னு ஊடு கட்டுனா ரெண்டு சன்னல் வெக்கறேன்" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நேற்று வெகுநேரம் நின்றேன்.

வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டித் தருகிறது. முதலில் முப்பது வீடுகள்தான். விதவைகளுக்கும் புருஷன் கைவிட்டவர்களுக்கும் முன்னுரிமை. எஸ்டேட் ரைட்டர் மரியதாஸ் அண்ணன்தான் எனக்கு மனுப் பாரம் எழுதினார்.

"ஏங்கண்ணு, அவரு போயி மூணு வருசமாச்சு. கைவிட்டுட்டாருன்னு எழுதிப்போடறேன். இந்த மாசமே சாவி வந்துரும்."

"வேண்டாங்கண்ணா. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்காருன்னு எழுதுங்க."

பேனாவைப் பிடித்தபடி அவர் என்னையே பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார்.

நம் பெயர் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விட்டது. ஒரு வருடம் ஆகுமாம். அதுவரை கரடியூரில் அம்மா வீட்டில் இருப்போம். எனக்கு வருத்தமில்லை.

பாரத்தில் உங்கள் விலாசம் கேட்டார்கள். நான் கடிதம் போட்டு இதுவரை பதில் வராத இந்த விலாசத்தையே கொடுத்தேன். அது சரிதானா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா