தர்மபுரத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி

அன்புள்ள சுமித்திராவுக்கு,

நான் நல்ல சுகம். உம்முடைய முழங்கால் நோ குறைந்ததா?

எந்த நாடு தானிய ஏற்றுமதியை நிறுத்துகிறது என்று பார்த்து, டோஹாவில் நான் இருக்கும் கந்தோரின் சுவர் வரைபடத்தில் சிவப்புக் குண்டூசி குத்துவதுதானே என் வேலை. இந்தியா அரிசியை நிறுத்திய அன்று, “விலை ஏறப்போகுது, எல்லா நெல்லையும் வித்துப்போடும்” என்று போனில் சொன்னேன். நீரோ லொறியோடு வந்த யாவாரியிடம், “வீட்டுச் சாப்பாட்டு நெல்லு வாசல் படலை தாண்டாது, அண்ணை” என்றீராம். தம்பி அஜந்தன் சொன்னான். எந்த அரசாங்கமும் இவ்வளவு சுருக்கமாகத் தடை போட்டதை நான் பார்த்ததில்லை. மறுநாளே எங்கள் ஊர் தர்மபுரத்திலும் ஓர் ஊசி குத்தினேன். முதலாளி சிரித்தார், எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் இங்கே வரும் அஜந்தனிடம் அந்த நெல்லில் ஒரு கிலோ குத்திக் கொடுத்தனுப்பும். இங்கத்தைச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. எனக்கு மட்டும் தடையைத் தளர்த்தும், ஊசியை எடுக்கமாட்டேன்.

கந்தோருக்குப் போகிற பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உம்முடைய
நிரஞ்சன்