வண்டிக்கு வைத்த பொட்டு

வேலுத்தாயி,

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு. பைக் சாவி ஆணியில் தொங்குகிறது.

பைக்கின் இரண்டு கண்ணாடியிலும் நீ குட்டி வட்டக் கண்ணாடி ஒட்டியிருந்தாயே, "வண்டிக்கு எதுக்கு புள்ள பொட்டு?" என்று கேட்டு இடப்பக்கத்தில் நான் பிய்த்ததைத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

நேற்று போடிமெட்டு வளைவில் நீ லாரியை முந்தாமல் நின்றபோது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம்தான். அடுத்த நொடியே ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடிக்காமல் வலப்பக்கம் உரசிக்கொண்டு போனது. பெரிய கண்ணாடியில் தெரியாததை வலப்பக்கத்துப் பொட்டில் பார்த்திருக்கிறாய். என் பொண்டாட்டி!

சாயங்காலம் ஷிப்ட் விடும்போது ஃபேக்டரி வாசலுக்கு வண்டியை எடுத்து வா. எல்லாரும் பார்க்க நான் பின்னால்தான் உட்காருவேன்.

சுடலை

இன்னொன்று: "லாரிய முந்து புள்ள" என்று கத்தியது நான்தான் என்பதை மட்டும் அங்கே சொல்லிவிடாதே.