இரண்டு முறை எண்ணிய பதினான்கு

மார்ச் 4
புதுப் பள்ளியில் மூன்றாவது வாரம். இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். சந்தேகம் கேட்டால் போதும், பின் வரிசையிலிருந்து “அகராதி ஆரம்பிச்சிட்டாடி!” என்று ஒரு குரல் வரும்.

வீட்டிலும் பேச ஆளில்லை. இஸ்லாமிய முறையில் வட்டியில்லாமல் கொடுக்கும் சிறுகடன் பற்றி இருபது வருடங்களில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, எந்த வருடம் எத்தனை, எதைப் பற்றி என்று பார்ப்பதுதான் உம்மாவின் ஆய்வு. நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். அத்தனை பேரோடும் எனக்குப் போட்டி.

மார்ச் 8
“பதினெட்டாம் தேதி ஆய்வேட்டை ஒப்படைச்சிடுவேன். அப்புறம் லீவு முழுக்க உன்கூடதான்” என்றார் உம்மா. வாப்பா வேலை செய்யும் ஊருக்கு ரயில் டிக்கெட்கூட எடுத்தாயிற்று!

மார்ச் 11
கட்டுரைப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. உம்மா அதை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். முக்கால்வாசிக் கட்டுரைகள் நிறுவனங்களைப் பற்றியவை. கடன் வாங்கிய பெண்களிடமே கேட்டு எழுதியவை ஒன்பதுதான். ஏன்?

மார்ச் 12
ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் வந்த வருடத்தில் ஒரு முறை, அச்சில் வந்த அடுத்த வருடத்தில் இன்னொரு முறை. தேடத் தேட இன்னும் கிடைத்தன. மொத்தம் பதினான்கு — எல்லாமே இரண்டாவது முறை எண்ணப்பட்டிருப்பது, உம்மா “திடீர் எழுச்சி” என்று ஒரு அத்தியாயமே எழுதியிருக்கும் வருடத்தில். அப்படியென்றால் எழுச்சியே இல்லையா?

சொன்னால் அத்தியாயம் போச்சு. ரயிலும் போச்சு.

மார்ச் 13
சொல்லவில்லை.

மார்ச் 14
“நீ பார்த்துட்டேல்ல, இனிமே எனக்குப் பயமில்ல” என்றார் உம்மா, தட்டைக் கழுவிக்கொண்டே. ஐயோ. அதற்கு மேல் முடியல. சொல்லிட்டேன்.

“எப்ப கண்டுபிடிச்சே?”

“முந்தாநாள்.”

திட்டியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 19
ஒப்படைக்கும் தேதி இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. டிக்கெட் ரத்து. வாப்பா தொலைபேசியில், “தவளை தன் வாயாலதான் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்று கிண்டலடித்தார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 2
விடுமுறை. நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 9
உம்மா கூப்பிட்டுப் புது வரைபடத்தைக் காட்டினார். கோடு மெல்ல மெல்ல ஏறுகிறது, அவ்வளவுதான்.

“சப்புன்னு இருக்குல்ல?”

“ஆனா சரியா இருக்கும்மா.”

 உம்மா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த காகிதக் கட்டுகளை அள்ளித் தரையில் வைத்தார்.

உட்கார்ந்தேன்.