மூன்று கட்டடங்களைப் பிரிக்கும் கோட்டுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை

அனுப்புநர்:
வை. தில்லையம்பலம் (வயது 74),
இரண்டாம் கட்டடம், ஒன்பதாம் மாடி,
மல்வேர்ன், ஸ்காபரோ.

பெறுநர்:
தலைவர்,
வட்டார எல்லை மீளாய்வுக் குழு, ரொறன்ரோ.

விடயம்: சம்மதத் தாளை ரத்துச் செய்து, எல்லைக் கோட்டை மாற்றக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல, பக்கத்து வீட்டு சந்திரவதனா எழுதுகிறார். மறதி மட்டும் எனக்கில்லை.

2. 1993 தை 18, திங்கட்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு, பஸ்ஸால் இறங்கி எமது கட்டடங்களுக்கு முன்னுள்ள பெருவீதியைக் கடந்த என் மனைவி கமலாம்பிகை லொறி மோதி இறந்தார். அவ்விடத்தில் சமிக்ஞை விளக்கு இல்லை. இன்றும் இல்லை.

3. 1994 தேர்தலில் மூன்று கட்டடத்தாரும் சேர்ந்து போய் வாக்களித்தோம். விளக்குப் போடுவேன் என்றவர் 112 வாக்குகளால் வென்றார். சென்ற ஐப்பசியில் கம்பம் நட்டார்கள். விளக்குப் பூட்டுமுன் உங்கள் உத்தேச எல்லைக் கோடு வந்து, மூன்று கட்டடங்களையும் மூன்று வட்டாரங்களுக்குப் பிரித்தது. வரைபடம் எனக்கு விளங்காது. சந்திரவதனா தெருப் பெயர்களைச் சொல்லித்தர, பனிக்குள் அந்தக் கோட்டை நடந்தே பார்த்தேன். எமது வாகனத் தரிப்பிடத்தை வெட்டிக்கொண்டு போகிறது. தண்டவாளத்துக்கு அப்பால், தனிவீடுகள் உள்ள பக்கத்தில், ஒரு வேலியைக்கூடத் தொடவில்லை. தோற்றவருக்கு வாக்கு விழுந்த இடம் அதுதான்.

4. மாசி 9ஆம் திகதி தங்கள் குழு கூட்டிய கூட்டத்தில், வாசலில் தாளுடன் நின்ற நவரட்ணம், "அங்கிள், உது வந்த ஆக்களின்ரை பதிவு மட்டும்தான்" என்றார். 1994இல் தோற்றவருக்காக எங்கள் கதவுகளைத் தட்டியவர் அவர். முகம் தெரிந்தும், எங்கடை ஆள்தானே என்று கேளாமல் விட்டேன். மூத்தவன் என்று எல்லோரும் வழிவிட, முதலில் பெருவிரல் வைத்தேன். பின்னால் நின்ற ஐம்பத்தேழு பேரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். நான் வைத்த பின் நின்று வாசிப்பது மரியாதையில்லை என்று அப்படியே கையொப்பமிட்டார்கள். புதிய எல்லைக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்ததைச் சென்ற கிழமைதான் அறிந்தோம். பிழை என்னுடையது. அவர்களுடையதல்ல.

5. விளக்கைக் கேட்டால், வரும் தேர்தலுக்குப் பின் அவ்வீதி தமக்குரியதல்ல என்கிறது, நாங்கள் வெல்லவைத்த உறுப்பினரின் அலுவலகம். கம்பம் வெறுமனே நிற்கிறது. போன செவ்வாய் எங்கள் கட்டடத்து இரத்தினவேல் அங்கேயே அடிபட்டு, இரண்டு காலும் முறிந்து கிடக்கிறார்.

6. ஆகவே, அந்தத் தாளைத் தள்ளிவைத்து, மூன்று கட்டடங்களையும் ஒரே வட்டாரத்தில் விடுமாறும், முடிவெடுக்குமுன் ஒருவரை அனுப்பி அந்தக் கோட்டை நடந்து பார்க்கச் செய்யுமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். நானும் கூட நடப்பேன். இயலாதென்றால், இனி அவ்வீதியில் ஒருவர் விழும்போது மூன்று உறுப்பினர்களில் யாருடைய கதவைத் தட்டுவது என்பதையாவது எழுத்தில் தாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

இடம்: மல்வேர்ன்
திகதி: 20.03.1997

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வை. தில்லையம்பலம்
(இடது பெருவிரல் அடையாளம்)

எழுதி, இரு தடவை வாசித்துக் காட்டியவர்: இ. சந்திரவதனா