காகத்துக்கு வைத்த சோறு

பியர்பொன்ட்ஸ், மொன்ட்ரியால்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வித்தியாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அந்தப் புல்வெளியில் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயோ என்று கேட்கவில்லை, கேட்டால் ஓம் அம்மா என்று ஒரு பொய் சொல்லுவாய். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் அப்பா பேப்பரோடு பக்கத்துக் கதிரையில் வந்து குந்திவிடுவார், இதுவோ அவரைப் பற்றிய கதை. நீ மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுச் சஸ்கச்சுவானுக்குப் பார்க் வேலைக்குப் போன நாள் தொட்டு அவர் உன்னோடு ஒரு சொல் கதைக்காமல் இருப்பது எனக்குப் பெரிய மனவருத்தம். கோயிலில் யாரும் விசாரித்தால், மகள் தூரத்தில அரசாங்க உத்தியோகம் என்று சொல்லிவிட்டுச் செருப்புத் தேடப் போய்விடுவார்.

நேற்றுப் புரட்டாசிச் சனி. தம்பி கீர்த்திகன் எங்களைப் புஷேர்வில் தீவுகளில் இருக்கிற தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான், நானும் வாறன் என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவதி அன்ரியும் காரில் ஏறிவிட்டா. அப்பா மட்டும், புல்லுத்தானே, எங்கட பின்வளவில இல்லாத புல்லோ என்று வழி முழுக்கப் புறுபுறுத்தார். ஆனால் பிள்ளை, உள்ளதைச் சொல்லவேண்டும், நல்ல வடிவு. மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம், சுற்றிவர ஆறு, நாணலுக்குள் நாரை நிற்கிறது, மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன, அக்கரையில் மொன்ட்ரியால் கட்டடங்கள் தெரிகின்றன. வழியோரம் நின்ற மான் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் பெரிய ஆட்கள் இல்லை என்று கண்டு திரும்பவும் மேயத் தொடங்கியது. ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ என்று அன்ரிதான் சத்தம் போட்டா. நாங்கள் நடந்த பிறகும் அப்பா அந்த இடத்திலேயே நின்றார்.

சாப்பாட்டு நேரம்தான் கூத்து. சனி விரதம் எல்லோ, காகத்துக்கு வைக்காமல் உன் அப்பா ஒரு பருக்கை தொடமாட்டார். வாழையிலைத் துண்டில் எள்ளுச் சோறு வைத்து ஆற்றங்கரையில் நின்று கா கா என்று கூப்பிட்டார். காகம் ஒன்றும் வரவில்லை, வந்தது முழுக்கக் காட்டு வாத்து, ஒரு பட்டாளமே சீறிக்கொண்டு வந்தது. அப்பா இலையைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் இருக்கிற மர வாங்கில் ஏறி நின்று சூ சூ என்கிறார், உன் தம்பி உதவிக்குப் போகாமல் வீடியோ எடுக்கிறான். அப்போதுதான் பூங்காக் காவல் பெண் ஒருத்தி வந்தாள், உன் வயதுதான் இருக்கும். காட்டுச் சீவன்களுக்குச் சாப்பாடு வைக்கக்கூடாது, பழகிவிட்டால் தானாக இரை தேட மறந்துவிடும் என்று பிரெஞ்சில் தன்மையாகச் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா வாங்கிலிருந்து இறங்கி, தன் அரைகுறைப் பிரெஞ்சில், தெரியும் பிள்ளை, என்ர மகளும் உங்களைப்போலத்தான், காட்டெருமைக்குக் காவல் என்றார். எந்தப் பார்க் என்று அவள் கேட்க, பேரைத் தடுமாறாமல் சொன்னார், காட்டெருமை தலையால் பனியைத் தள்ளிப் புல் தின்பதையும் நீ முதல் குளிர்காலம் தனியாக இருந்ததையும், நீ எனக்குப் போனில் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்புவித்தார். பேப்பர் பார்த்தாராம் மனுசன்! அவள் சிரித்துக் கைகொடுத்துவிட்டுப் போனாள், அவர் புல்லுக்குள் குந்திச் சிந்திய சோற்றைப் பொறுக்கினார். வீட்டுக்கு வந்து கராஜ் கூரையில் வேறு சோறு வைத்துக் காகம் கொத்திய பிறகுதான் சாப்பிட்டார், அதற்குள் அன்ரி கோயில் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டா.

குளிர் தொடங்க முன்னம் நல்ல சப்பாத்து வாங்கு. காட்டெருமைக்குக் கிட்டப் போகாதே, நீ உத்தியோகத்தர் என்று அதற்குத் தெரியாது. முருகன் உனக்குத் துணையாக நிற்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் நல்லாயிரு. ஒன்று மறக்காதே. இன்று காலை அப்பா சுவரில் தட்டிக்கொண்டு நின்றார், போய்ப் பார்த்தால் கீர்த்திகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி. என்னத்துக்கு என்று கேட்டேன், சும்மா என்றார். நீ அந்த வேலை உடுப்போடு நிற்கிற படம் ஒன்றைப் பெரிதாக எடுத்து அனுப்பு. என் பெயருக்கு வேண்டாம், அப்பாவின் பெயருக்கே அனுப்பு, அவரே பிரிக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
செல்வமலர்