பாதியில் நின்ற கிரகம்

செப்டம்பர் 2000, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வளையம்தான் தெரிகிறது.

அறிவியல் ஆசிரியை வசந்தா இன்று ஆறாம் வகுப்பை நான் பார்த்துக்கொள்ளும் பள்ளி நூலகத்துக்கு அழைத்து வந்தார். சனி கிரகத்தின் படத்தை இன்டர்நெட்டில் காட்டுவதாக நான்தான் சொல்லியிருந்தேன். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வெறும் கறுப்பு. "என் பீரியடே போயிடும் போலிருக்கே" என்றார் வசந்தா. எனக்கு அவமானமாக இருந்தது. முழுதாக வரட்டும் என்று திரையை அட்டையால் மறைக்கப் போனேன்.

"மறைக்காதீங்க மிஸ், வருது, ஆ ரஹா ஹை!" என்று இந்தியும் கலந்து ஒரு பெண் கத்தினாள்.

பொன்னிறமாக ஒரு விளிம்பு வந்தது. பிறகு வளையத்தின் நுனி. நானும் முதல் தடவையாகத்தான் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்து அதே லைனில் இருக்கும் ஆபீஸ் ஃபோனை யாரோ எடுத்துவிட்டார்கள். இணைப்பு போய்விட்டது. பாதி கிரகம் அப்படியே நின்றது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வசந்தா சாக்பீஸை நீட்டி, "மீதி எப்படி இருக்கும்? வந்து வரைங்க" என்றார். மணி அடித்த பிறகும் கரும்பலகை முன்னால் வரிசை குறையவில்லை.

நாளை அடுத்த வகுப்பு வருகிறது. படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

வைக்க மாட்டேன்.