நீ பேசாத அறிவிப்பு

போன வாரம் முதுநகர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தூறல். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக வந்தது. "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று நீ பேச ஆரம்பித்தாய்.

பழைய பதிவு என்றுதான் முதலில் நினைத்தேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. துணிக்கடை விளம்பரங்களில் உன் குரல் இன்னும் சுற்றுகிறது; அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அடுத்த வரியில் நீ புயலின் பெயரைச் சொன்னாய். அந்த வாரம்தான் அதற்கு வைக்கப்பட்ட பெயர். மீன்காரம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பையை வாங்கினேன்.

சிதம்பரத்தில் படித்து முடித்த கையோடு, கீழவீதி மாடியிலிருந்த ஒலிப்பதிவு அறைக்கு நாம் சேர்ந்தே வேலைக்குப் போனோம். நான் எழுதுவேன், நீ வாசிப்பாய். கீரப்பாளையம் உரக்கடை, ஸ்ரீமுஷ்ணம் தேர், இலவசக் கண் முகாம், எல்லாம் உன் தொண்டை வழியாகத்தான் ஊருக்குப் போயின. டீ குடிக்கும்போது சொல்வாய்: "தண்டோரா போட வந்தவர நிறுத்தி ஜனங்க கேள்வி கேட்டாங்கடி. அப்புறம் ரேடியோ வந்திச்சி, டிவி வந்திச்சி, இப்ப போனு. காது ஜாஸ்தி ஆயிடுச்சி, திருப்பிக் கேக்கத்தான் வழியில்ல."

நீ அதைச் சும்மா சொல்லவில்லை. அந்தப் பெருமழையில் டவர் சாய்ந்து போன்கள் செத்துக்கிடந்த அன்று, கடலோரம் உங்கள் தெருவுக்கு ஆட்டோவில் போனோம். நான் எழுதித் தந்த தாளை மடியில் போட்டுவிட்டு, "செல்வி அக்கா, கூரைய உடுங்க, புள்ளைங்கள தூக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்றாய். "ஆடு என்னாவறது?" என்று அவர் வாசலில் நின்று கத்தினார். "அதயும் புடிச்சிட்டு வாங்க" என்றாய், மைக்கிலேயே. தெருவே கிளம்பியது.

இதெல்லாம் நினைவில் ஓட, உன் அம்மாவின் காதில் அந்தக் குரல் விழுவதற்கு முன் உங்கள் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று நான் மார்க்கெட்டிலிருந்து வண்டியை விரட்டினேன். ஆட்டோ முந்திக்கொண்டுவிட்டது. அம்மா அதை மறித்து நின்றிருந்தார். ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, "எங்கடி இருக்க நீ?" என்று கேட்டார். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்றாய். மறுபடி கேட்டார். அதையே சொன்னாய். ஓட்டுநர் பயந்துபோய் மைக்கை நிறுத்தினார்.

புயல் கரையைக் கடந்ததும் அம்மாவும் நானும் சிதம்பரம் போனோம். ஸ்டுடியோ நடத்தும் அண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. "அவ பேசுனதெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடுத்தேம்மா. இப்ப எழுதிப் போட்டா அதுவே பேசுது. அவ சொன்னாத்தான் ஜனங்க நம்புறாங்க." அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய்.

அம்மா கதவையே பார்த்தார், நீ உள்ளே வரப்போவதைப் போல. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அவ பேசுனத வெச்சிக்கிங்க தம்பி. பேசாதத அழிச்சிடுங்க."

எங்கள் கண் முன்னாலேயே அழித்தார். ஆனால் அந்தக் குரலை வேறு சிலரும் வாங்கிப் போயிருக்கிறார்களாம். அவர்களிடம் என்ன கேட்க முடியும்? நேற்று சேத்தியாத்தோப்புப் பக்கம் நீ பேசியதாக ஒருவர் சொன்னார். நாளை எதைச் சொல்வாயோ தெரியாது.

நீ இருந்த கடைசி மாதத்தில் தொண்டைக் கட்டி உன் குரலை முழுசாக எடுத்துக்கொண்டது யாருக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாய். ஒரு மத்தியானம் 'த' என்று நீ தொடங்கியதுமே தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தலையாட்டிவிட்டு மறுபடி எழுதினாய். தலகாணியா என்றேன். இல்லை. தயிரா என்றேன். முறைத்தாய். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதிய பிறகுதான் புரிந்தது: தள்ளி உக்காரு, காத்து வரல.

இரண்டு பேரும் சிரித்தோம். உன் சிரிப்பில் சத்தமே இல்லை.

இப்போது மைக் ஆட்டோ வந்தால் நான் நின்று கேட்பதில்லை. நீ எழுதிய அந்தக் கையை மூடிக்கொண்டு நடக்கிறேன்.